சொல்லை உடைத்துக் காட்டுங்கள்: டெல்டா மாவட்ட ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பிற்குரிய ஆங்கில ஆசிரியர்களே,

வணக்கம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஆங்கிலம் நடத்தும் உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். நான் 31 ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். நீடாமங்கலத்துக்கு அருகே வெண்ணாற்றங்கரையில் வீடு. மாலை ஆறு மணிக்கு மேல் எங்கள் தெருப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவார்கள். தமிழாசிரியைக்கு ஆங்கிலப் பாடத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அந்தத் திண்ணையில் கண்டதுதான் என்னை எழுத வைக்கிறது.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். அவனுடைய அப்பா நீர்வளத்துறையில் லஸ்கர். மதகுப் பலகையை ஏற்றி இறக்குபவர். ஒரு நாள் அவன் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தான். ஐந்து ஆங்கிலச் சொற்கள், ஒவ்வொன்றும் ஐம்பது தடவை. இம்போசிஷன். நோட்டை வாங்கிப் பார்த்தேன். ‘இரிகேஷன்’ என்ற சொல்லை முதல் பத்து வரிகளில் சரியாக எழுதியிருந்தான். பதினோராவது வரியில் இரண்டு ‘ஆர்’ எழுத்துகளில் ஒன்று விழுந்துவிட்டது. அங்கிருந்து ஐம்பதாவது வரி வரை ஒற்றை ‘ஆர்’தான். நாற்பது தடவை தவறாக எழுதி, அந்தத் தவறையே கைக்குப் பழக்கிக்கொண்டிருந்தான்.

“இதற்கு என்ன அர்த்தம்?” என்றேன். “பாசனம், டீச்சர்.” “முதல் வரியில் இரண்டு ‘ஆர்’ போட்டாயே, ஏன்?” “புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.”

பாசனத்தைப் பற்றி அந்தப் பையனுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமே இல்லை. எந்த மதகில் எத்தனை பலகை, எந்தக் கன்னி வாய்க்கால் எந்த வயலுக்குப் போகிறது, தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துபடி. அவன் அறிந்த பொருளுக்கும் அவன் எழுதிய சொல்லுக்கும் நடுவில்தான் ஒரு மடை அடைத்துக் கிடந்தது.

நோட்டின் ஓரத்தில் அந்தச் சொல்லைப் பிரித்து எழுதிக் காட்டினேன். லத்தீனில் ‘ரிகாரே’ என்றால் நீர் பாய்ச்சுதல். அதற்கு முன்னால் ‘இன்’, அதாவது உள்ளே. வயலுக்குள்ளே நீர் பாய்ச்சுதல். ‘இன்’ என்பதன் கடைசி எழுத்து, அடுத்து நிற்கும் ‘ஆர்’ எழுத்தைச் சேர்ந்து தானும் ‘ஆர்’ ஆகிவிட்டது. அதனால்தான் இரண்டு. பையன் ஒரு நொடி பார்த்தான். “மரம், கள் சேர்ந்தால் மரங்கள் ஆகிறதே, அதுபோலவா டீச்சர்?” என்றான். பிறகு யாரும் சொல்லாமலே பேனாவை எடுத்து, அந்த நாற்பது வரியிலும் விட்டுப்போன எழுத்தை ஒவ்வொன்றாக மேலே செருகினான்.

அன்றிலிருந்து எனக்கு இது ஓயாத சிந்தனையாக இருக்கிறது. நம் பிள்ளைகளுக்குச் சொல்லைப் பிரித்துப் பார்க்கத் தெரியும். அதைப் பள்ளிக்கூடத்திலேயே கற்றுத்தருகிறோம். ஒன்பதாம் வகுப்பில் ‘வந்தனன்’ என்று கொடுத்தால் பிள்ளைகள் அதை ஐந்து துண்டாக்குவார்கள். ‘வா’ பகுதி, அது ‘வ’ என்று குறுகியது விகாரம், முதல் ‘த்’ சந்தி, அது ‘ந்’ ஆனது விகாரம், அடுத்த ‘த்’ இறந்தகால இடைநிலை, ‘அன்’ சாரியை, கடைசி ‘அன்’ ஆண்பால் வினைமுற்று விகுதி. நன்னூலார் ஆறு உறுப்புகளை வகுத்துத் தந்தார். நாம் அதற்கு இரண்டு மதிப்பெண் தருகிறோம். மணி அடிக்கிறது. அடுத்த வகுப்பு ஆங்கிலம். அதே பிள்ளை நோட்டின் நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள் என்று எழுதத் தொடங்குகிறது. தமிழ் வகுப்பில் கையில் இருந்த கத்தி ஆங்கில வகுப்பில் உறைக்குள் போய்விடுகிறது. அந்தக் கத்தியைப் பிள்ளையின் கையிலேயே விட்டுவையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இம்போசிஷன் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் அதை எழுதியிருப்பார்கள்! அதன் உள்ளே இருப்பது லத்தீனில் ‘வைத்தல்’ என்று பொருள்படும் ஒரு வேர். மேலே வைத்தது இம்போசிஷன், அதாவது தலையில் சுமத்தியது. எதிரே வைத்தது ஆப்போசிட். பத்திரமாகக் கீழே வைத்தது டெபாசிட். வைத்த இடம் பொசிஷன். குப்பை, சாணம், வைக்கோல் எல்லாவற்றையும் சேர்த்துக் குழியில் வைத்தது கம்போஸ்ட். இதைச் சொன்னபோது திண்ணையில் இருந்த பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, ஐந்து சொல்லையும் ஒன்றுகூட விடாமல் மறுநாள் ஒப்பித்தார்கள். நான் ஒரு வரிகூட எழுதச் சொல்லவில்லை.

எங்கள் ஊருக்கு அருகே மூணாறு தலைப்பு இருக்கிறது. ஒற்றை வெண்ணாறாக வந்து சேரும் தண்ணீர் அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. வேர்ச்சொல்லைப் பிள்ளைகளுக்கு நான் அந்தத் தலைப்பைக் காட்டித்தான் விளக்குகிறேன். நோட்டில் ஒரு பக்கத்தின் மேலே வேரை எழுதச் சொல்வேன். அங்கிருந்து ஆறுகள் பிரிவதைப் போலக் கோடு வரைந்து, ஒவ்வொரு கோட்டின் முனையிலும் ஒரு சொல். ‘ஸ்பெக்ட்’ என்றால் பார்த்தல். உள்ளே புகுந்து பார்ப்பவர் இன்ஸ்பெக்டர். சந்தேகக் கண்ணோடு அடியிலிருந்து பார்ப்பது சஸ்பெக்ட். ‘ஸ்கிரிப்ட்’ என்றால் எழுதுதல். மருந்து தருவதற்கு முன்பே எழுதுவது பிரிஸ்கிரிப்ஷன். கையால் எழுதியது மானுஸ்கிரிப்ட். தஞ்சை சரசுவதி மகாலில் இருக்கும் ஓலைச்சுவடிகளுக்கும் அந்தப் பெயர்தான். அதே நூலகத்தில் 1784-இல் லண்டனில் அச்சான ஜான்சனின் ஆங்கில அகராதி ஒன்றும் இருக்கிறது. நம் மண்ணுக்கு ஆங்கில அகராதி நேற்று வந்த விருந்தாளி இல்லை.

இன்னொரு பிள்ளையைப் பற்றியும் சொல்லவேண்டும். ஏழாம் வகுப்புப் பெண். அவளுடைய அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். செய்தித்தாளில் உடல் உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை பற்றிய செய்தியைப் படித்துவிட்டு, அதோடு இருந்த படத்தில் மருத்துவமனையின் ஆங்கிலப் பலகையை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள். ‘டிரான்ஸ்பிளான்ட்’ என்று வாசித்தாள். ‘டிரான்ஸ்’ என்றால் ஓரிடத்திலிருந்து அப்பால் இன்னோரிடத்துக்கு என்று மட்டும் சொன்னேன். ‘பிளான்ட்’ அவளுக்குத் தெரியும். சற்றுநேரம் பேசாமல் இருந்தாள். “நாற்றங்காலில் பறித்து வயலில் நடுகிறோமே, அதுதானே டீச்சர்? ஒருவர் உடம்பிலிருந்து பறித்து இன்னொருவர் உடம்பில் நடுகிறார்களா?” என்று கேட்டாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்று நடவுக்கு வேளாண்மைப் புத்தகத்தில் இருக்கும் ஆங்கிலச் சொல்லும் அதுவேதான் என்று சொன்னேன். அம்மாவின் வேலைக்கும் பெரிய மருத்துவர்களின் வேலைக்கும் ஒரே பெயர் என்று தெரிந்ததும் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். அதன்பிறகு அவளே அடுக்கினாள்: தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர், டிரான்ஸ்போர்ட், அவளுடைய ஆசிரியர் வாங்கிக்கொண்டு போன டிரான்ஸ்ஃபர். ஒரு முன்னொட்டு நான்கு கதவுகளைத் திறந்துவிட்டது.

முன்னொட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றனவே, எதை நடத்துவது என்ற மலைப்பு உங்களுக்கு இருந்தால் ஒரு கணக்கைச் சொல்கிறேன். அமெரிக்காவில் மூன்றாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான பள்ளி நூல்களில் வரும் சொற்களை எடுத்து 1989-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. முன்னொட்டு உள்ள சொற்களில் 58 விழுக்காடு நான்கே முன்னொட்டுகளில் அடங்கிவிட்டன: ‘அன்’, ‘ரீ’, ‘இன்’, ‘டிஸ்’. ‘இன்’ என்பதில் அதன் திரிபுகளான ‘இம்’, ‘இல்’, ‘இர்’ ஆகியவையும் சேர்த்தி. இருபது முன்னொட்டுகளை எடுத்துக்கொண்டால் 97 விழுக்காடு. இருபதுதான்! நம் பிள்ளைகள் வேற்றுமை உருபும் வாய்பாடும் மனப்பாடம் செய்கிறவர்கள். இந்த இருபது அவர்களுக்கு ஒரு பருவத்து வேலைகூட இல்லை.

அதிலும் அந்த நான்கில் இரண்டு அவர்கள் வீட்டு உறவுக்காரர்கள். நீதி, அநீதி, நியாயம், அநியாயம், சுத்தம், அசுத்தம். வடமொழியிலிருந்து நமக்கு வந்த இந்த ‘அ’வும், ஆங்கிலத்தின் ‘அன்’னும், லத்தீனின் ‘இன்’னும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை என்பது மொழிநூலார் ஒப்புக்கொண்ட செய்தி. பாதமும் மிதிவண்டியின் பெடலும் அப்படித்தான். தந்தமும் டென்டிஸ்ட்டும் அப்படித்தான். திருவையாற்றுக்குப் பஞ்சநதம் என்றொரு பெயர் உண்டு. அந்தப் ‘பஞ்ச’வும் பென்டகனில் உள்ள ‘பென்டா’வும் உடன்பிறப்புகள். நம் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் யார் சொல்கிறார்கள்?

புணர்ச்சியும் அவர்களுக்குப் புதிதில்லை. ‘இன்’னும் ‘பாசிபிள்’ளும் சேர்ந்தால் ‘இம்பாசிபிள்’. ப் என்று சொல்ல உதடு மூடவேண்டும். அதற்கு ஆயத்தமாக ன் முன்பே உதட்டை மூடி ம் ஆகிறது. ‘லீகல்’ முன்னால் வந்தால் ‘இல்’. ‘ரெகுலர்’ முன்னால் வந்தால் ‘இர்’. இதை விதிவிலக்குப் பட்டியலாகக் கொடுத்தால் பிள்ளைக்குப் பாரம். மரம் என்பதன் ம், கள் வந்து சேரும்போது ங் ஆவதை நினைவூட்டிவிட்டுக் கொடுத்தால் அதுவே விளையாட்டு. ‘டிஸ்கிரைப்’ என்பது ‘டிஸ்கிரிப்ஷன்’ ஆவதும் ‘வா’ என்பது ‘வ’ ஆவதும் ஒரே வகை. விகாரம் என்ற சொல்லை உங்கள் வகுப்பிலும் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

தமிழ்வழிப் பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இதில் எனக்கு ஆதங்கம் அதிகம். தமிழ்வழியில் படித்தவன் கல்லூரிக்குப் போனதும் ஆங்கிலக் கலைச்சொல்லைப் பார்த்து மிரள்கிறான் என்று எல்லோரும் சொல்கிறோம். மிரளத்தான் செய்கிறான். ஆனால் அவன் படித்த தமிழ்க் கலைச்சொல்லுக்குள்ளேயே ஆங்கிலச் சொல்லின் உறுப்புகள் வரிசையாக இருக்கின்றன. ஒளிச்சேர்க்கை: ‘ஃபோட்டோ’ ஒளி, ‘சிந்தசிஸ்’ சேர்க்கை. வெப்பமானி: ‘தெர்மோ’ வெப்பம், ‘மீட்டர்’ மானி. நுண்ணோக்கியும் தொலைநோக்கியும் அவ்வாறே. ‘மைக்ரோ’ நுண்மை, ‘டெலி’ தொலைவு, ‘ஸ்கோப்’ நோக்குவது. நெல் ஒருவித்திலைத் தாவரம், சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்பு வயலில் தெளிக்கும் உளுந்து இருவித்திலைத் தாவரம். ‘மோனோ’ ஒன்று, ‘டை’ இரண்டு, ‘காட்டிலிடன்’ வித்திலை. இந்தச் சொற்களை ஆக்கித் தந்த தமிழறிஞர்கள் உறுப்புக்கு உறுப்பு பார்த்து ஆக்கினார்கள். வெறும் ‘ஃபோட்டோசிந்தசிஸ்’ என்று உருப்போட்ட பிள்ளைக்கு அது ஓர் ஒலி. ஒளிச்சேர்க்கை படித்த பிள்ளைக்கு அதன் பொருள் ஏற்கெனவே கையில் இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்து ஒருமுறை காட்ட ஓர் ஆசிரியர் வேண்டும், அவ்வளவுதான்.

ஹைட்ரோகார்பன் என்ற சொல் நம் பகுதியில் தெரியாதவர் கிடையாது. கிராம சபையில் ஒலித்த சொல், சுவரில் எழுதிய சொல். 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வரும்வரை அதை உச்சரிக்காத நாள் இல்லை. ‘ஹைட்ரோ’ என்றால் கிரேக்கத்தில் நீர். நீரை உண்டாக்குவது என்ற பொருளில் ஹைட்ரஜன் என்று பெயர் வைத்தார்கள். அந்த ஹைட்ரஜனும் கார்பனும் சேர்ந்தது ஹைட்ரோகார்பன். இவ்வளவு பழகிய சொல்லைக்கூட எந்த வகுப்பிலும் பிரித்துக் காட்டியதாகப் பிள்ளைகள் சொல்லவில்லை. டெல்டா என்ற சொல்லையும்தான். அது கிரேக்க நெடுங்கணக்கின் நான்காவது எழுத்து, முக்கோண வடிவம். நைல் நதி கடலில் சேருமிடத்துக்கு அந்த எழுத்தின் பெயரை வைத்தார்கள் கிரேக்கர்கள். கல்லணையை உச்சியாக வைத்து, கடற்கரையை அடியாக வைத்து ஒரு பிள்ளையைக் கோடு போடச் சொல்லுங்கள். எழுத்து தானாக வந்துவிடும்.

கல்லணையை ஆங்கிலத்தில் ‘கிராண்ட் அனிகட்’ என்கிறார்கள். ‘அனிகட்’ நம்முடைய அணைக்கட்டுதான். ஆங்கில அகராதிகளில் ஏறி உட்கார்ந்துவிட்டது. ‘கட்டமரான்’ நாகப்பட்டினத்து மீனவர் கட்டிய கட்டுமரம். ஆங்கிலம் எட்டாத உயரத்தில் இருப்பதாக நினைக்கிற பிள்ளைக்கு, அதன் அகராதியில் தன் வீட்டுச் சொல்லும் இருப்பதை முதல் வகுப்பிலேயே காட்டிவிடுங்கள்.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். எழுதலாமா என்று யோசித்தேன், எழுதித்தான் ஆகவேண்டும்.

என் தம்பி ஐந்து மா நிலத்தில் சம்பா போட்டிருந்தான். குருத்துப்பூச்சி கண்டது. வீட்டுப் பரணில் இரண்டு பாட்டில்கள் இருந்தன. ஒன்று பூச்சிக்கு வாங்கியது, மற்றது வரப்புப் புல்லுக்காக எப்போதோ வாங்கியது. இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம், ஒரே நிறம். தமிழில் விவரம் அச்சிட்டிருந்த துண்டுத்தாள் எப்போதோ தொலைந்துவிட்டது. தம்பி தன் மகனைக் கூப்பிட்டு எது என்று பார்க்கச் சொன்னான். பையன் பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவன். பாட்டிலைத் திருப்பி ‘நான்-செலக்டிவ் ஹெர்பிசைட்’ என்று பிழையில்லாமல் வாசித்தான். எடுத்துக் கொடுத்தான். அடித்துவிட்டார்கள். நான்காம் நாள் பயிர் வெளிறியது. பதினைந்து நாளில் வயல் வைக்கோல் நிறமாகிவிட்டது.

நான் போனபோது பையன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். “ஹெர்பல் என்றால் மூலிகைதானே அத்தை. ஹெர்பல் சோப்பு, ஹெர்பல் ஷாம்பு எல்லாம் இருக்கிறதே. இதுவும் மூலிகையில் செய்த நல்ல மருந்து என்று நினைத்தேன்” என்றான்.

அவனைக் கோபிக்க எனக்கு வாய் வரவில்லை. பாதிச் சொல்லை அவன் தானாகவே பிரித்திருக்கிறான். ‘ஹெர்ப்’ என்றால் செடி, பூண்டு. மூலிகை அதில் ஒரு வகை. மீதிப் பாதிதான் அவனுக்கு யாரும் சொல்லாதது. ‘சைட்’ என்றால் கொல்வது. இன்செக்டிசைட் பூச்சிக்கொல்லி, ஃபங்கிசைட் பூஞ்சைக்கொல்லி, ரோடன்டிசைட் எலிக்கொல்லி, ஹெர்பிசைட் களைக்கொல்லி. தமிழில் ‘கொல்லி’ நிற்கும் அதே இடத்தில் ஆங்கிலத்தில் ‘சைட்’ நிற்கிறது. ‘நான்-செலக்டிவ்’ என்றால் தேர்ந்தெடுக்காதது; நெல் என்றும் புல் என்றும் பாராமல் எல்லாவற்றையும் கொல்வது. பன்னிரண்டு ஆண்டு ஆங்கிலம் படித்த பிள்ளைக்கு இந்த ஒரு விகுதி தெரிந்திருந்தால் அந்த ஐந்து மா நின்றிருக்கும்.

நம் ஊர்களில் பத்து வயதுப் பிள்ளையிடம்தான் பெரியவர்கள் உரக்கடைப் பாட்டிலை நீட்டி, “என்ன போட்டிருக்கிறது, படி” என்கிறார்கள். பாட்டிலில் உள்ள சதுரத்தின் நிறம் சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், அடுத்து நீலம், கடைசியில் பச்சை என்பதையும் இந்தச் சொற்களோடு சேர்த்தே சொல்லிவிடுங்கள். ‘டிசைட்’ என்ற சொல்லிலும் இதே ‘சைட்’ இருக்கிறது. அதன் மூலத்துக்கு வெட்டுதல் என்றும் பொருள் உண்டு. இழுபறியை வெட்டி முடிப்பதுதான் முடிவெடுத்தல். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று நாமும் சொல்கிறோம் அல்லவா?

இந்த முறையில் ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். நரிமணம் பக்கமிருந்து வரும் எண்ணெய் லாரிகளின் பின்புறம் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருக்கும். ‘இன்’ என்றால் ‘இல்லை’ என்று மட்டும் படித்த பிள்ளை, தீப்பற்றாது என்று பொருள் சொல்லும். உண்மை நேர் எதிர். அந்த ‘இன்’, இரிகேஷனில் வருகிற ‘உள்ளே’ என்ற ‘இன்’. ஆகவே இரண்டு ‘இன்’ உண்டு என்பதை முதல் நாளே சொல்லவேண்டும். அங்கிள் என்ற சொல்லின் தொடக்கத்தில் ‘அன்’னுக்குரிய எழுத்துகள் இருந்தாலும் அதைப் பிரிக்க முடியாது, அது பகாப்பதம். டிரான்ஸ்போர்ட், போர்ட்டர், எக்ஸ்போர்ட் ஆகியவற்றில் ‘போர்ட்’ என்றால் சுமத்தல். நம் ஊர் இளைஞர்கள் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் எடுத்துப்போகும் பாஸ்போர்ட்டில் உள்ள ‘போர்ட்’ துறைமுகம். சில சொற்கள் காலப்போக்கில் வெகுதூரம் நகர்ந்தும் விடுகின்றன. எருவைக் குறிக்கும் ‘மெனூர்’ என்ற சொல் முதலில் கையால் நிலத்தைப் பண்படுத்துவதைக் குறித்தது. மானுஸ்கிரிப்டில் இருக்கும் கையேதான் அதிலும் இருக்கிறது. உறுப்பைப் பார்த்து ஊகித்த பொருளை வாக்கியத்தில் வைத்துச் சரிபார்க்கப் பிள்ளை பழகவேண்டும். நிறையப் படிக்கவும் வேண்டும். பிரித்தல் படிப்புக்குத் துணை. படிப்பின் இடத்தில் அதை வைக்கக்கூடாது.

பாடப் பகுதியை முடிக்கவே நேரம் போதவில்லை என்பீர்கள். நானும் பொதுத்தேர்வு வகுப்பு எடுத்தவள். ஜனவரி மாதத்து நெருக்கடி எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு வினாத்தாளில் முன்னொட்டும் பின்னொட்டும் ஒரு மதிப்பெண் வினாவோடு முடிந்துவிடுகின்றன என்பதும் தெரியும். ஆனால் அதே வினாத்தாளில் ஒருபொருள் சொல், எதிர்ச்சொல், கூட்டுச்சொல் என்று வரும் வினாக்களையும், பார்த்திராத பத்தியையும் எதிர்கொள்ள இந்த ஒரு திறன்தான் துணை நிற்கிறது. உங்களில் பலருக்குக் கல்லூரியில் இதை யாரும் முறையாகக் கற்பிக்கவில்லை என்பதும் உண்மை. அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. நானே அறுபது வயதுக்கு மேல், நல்ல அகராதி ஒன்றில் சொற்பிறப்புக் குறிப்பைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

நான் கேட்பது பெரிய மாற்றமல்ல. இம்போசிஷனை நிறுத்திவிடுங்கள். நடுக்கோடு போட்ட சொற்பொருள் நோட்டுக்குப் பதிலாக, வேருக்கு ஒரு பக்கம் என்று ஒரு நோட்டு வைக்கச் சொல்லுங்கள். வாரத்துக்கு ஒரு வேர் அல்லது ஒரு முன்னொட்டு போதும். ஆண்டுக்கு முப்பது வந்தாலும், ஆறிலிருந்து பத்து முடிவதற்குள் நூற்றைம்பது ஆகிவிடும். சொற்களைப் புத்தகத்திலிருந்து மட்டும் எடுக்கவேண்டாம். உரமூட்டை, மருந்து அட்டை, பஸ்ஸின் பின்பக்கம், வங்கிச் சலான், ரயில்நிலையப் பலகை எல்லாவற்றிலும் இருக்கின்றன. பிள்ளை ஒரு சொல்லைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தால், அது தவறான பக்கத்துக்குரியதாக இருந்தாலும், கண்டித்துவிடாமல் ஏன் பொருந்தவில்லை என்று பேசுங்கள். அந்தப் பேச்சில்தான் சொல் தங்குகிறது.

இன்னொன்று: ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் என்று சில இடங்களில் இருக்கிறது. அதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். ‘களைக்கொல்லி’ என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத வகுப்பில் ‘ஹெர்பிசைட்’ எப்படிப் புரியும்?

உங்கள் பள்ளியிலேயே ஒரு தமிழாசிரியர் இருக்கிறார். பகுபத உறுப்பிலக்கணம் நடத்தும் வாரத்தில் அவரோடு சேர்ந்து ஒரே ஒரு வகுப்பு எடுத்துப் பாருங்கள். கரும்பலகையின் ஒரு பாதியில் அவர் ‘வந்தனன்’ பிரிக்கட்டும், மறுபாதியில் நீங்கள் ‘இன்ஸ்பெக்டர்’ பிரியுங்கள். பகுதி எது, விகுதி எது என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

நீடாமங்கலம் பக்கம் வந்தால் ஒரு மாலை என் திண்ணைக்கும் வாருங்கள். லஸ்கர் மகனின் நோட்டைக் காட்டுகிறேன். ‘வைத்தல்’ பக்கம் நிரம்பி, அடுத்த பக்கத்துக்கு ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கிறான். என் தம்பி மகன் இப்போது அந்தப் பிள்ளைகளோடு வந்து உட்காருகிறான். ‘கொல்லி’ பக்கத்தை எழுதிவைத்திருப்பது அவன்தான்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருத்தி
வெண்ணாற்றங்கரை, திருவாரூர் மாவட்டம்